மருமகளுக்கு முன்னால் வந்த குஞ்சுகள்

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டை வீரமுடியார் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு கட்டளை போடுவார். மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவார்.

அவர் மகனுக்குப் பக்கத்து நாட்டு இளவரசியை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் தான் வளர்த்த கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து அனுப்பிவிட்டாள். "இளவரசி வரும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்" என்றான் தூதன்.

ராணி ஆசையாக அவற்றைக் கொல்லையில் தன் கோழிகளோடு விட்டாள். விட்ட நொடியே பெரிய கோழிகள் பாய்ந்து கொத்தின. குஞ்சுகளின் தலையெல்லாம் ரத்தம். ஒன்று செத்துப் பிழைத்தது.

ராஜா பதறினார். "குஞ்சையே காப்பாற்றாதவர்கள் என்னை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று அந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாளே! கிழட்டுக் கோழிகளைச் சந்தைக்கு அனுப்புங்கள்!"

"என் கோழிகள் சந்தைக்குப் போனால், நான் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன்" என்றாள் ராணி.

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார் சேனைத் தலைவர் விசயராயர். அமைச்சர் மாறவேளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அரசே, நம் அமைச்சருக்குத் தெரியாதது உண்டா? கோழியையும் குஞ்சையும் அவரே சேர்த்துவைக்கட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

மாறவேள் குஞ்சுகளுக்கு மஞ்சள் தடவச் சொன்னார். கொல்லையின் குறுக்கே மூங்கில் தட்டி கட்டி, ஒரு பக்கம் கோழிகளையும் மறுபக்கம் குஞ்சுகளையும் விட்டார். தட்டியை ஒட்டி இரண்டு பக்கமும் தீனி வைத்தார். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது.

சில நாள் போனது. "இது சேர்த்துவைப்பதா, சிறை வைப்பதா?" என்று சிரித்தார் விசயராயர். ராஜாவுக்கும் பொறுமை போய்விட்டது. "இப்போதே தட்டியை எடும்!"

"எடுக்கிறேன் அரசே. அதற்கு முன் ஒரு விண்ணப்பம். இளவரசியோடு அவர்கள் நாட்டு வீரர் ஒருவர் வருகிறார். சின்னப் பையன்தான். அவரை விசயராயர் ஆசனத்தில் உட்காரவைக்கலாமா?"

விசயராயர் குதித்தெழுந்தார். "என் ஆசனத்திலா? எவனோ ஒரு பொடியனா? காலைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவேன்!"

"அரசே, வாயும் அறிவும் உள்ள மனிதரே பார்க்காத பையன்மேல் பாய்கிறார். கோழி என்ன செய்யும்? கொஞ்சம் பார்த்துப் பழகட்டுமே!"

சபையே சிரித்தது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். விசயராயர் முகம் சுருங்கி உட்கார்ந்தார். தட்டி அப்படியே நின்றது.

குஞ்சுகள் வளர்ந்தன. தட்டியின் அடியில், குஞ்சு நுழையலாம், கோழி நுழையாது என்கிற அளவுக்கு ஒரு சந்து வெட்டினார் மாறவேள். குஞ்சுகள் அந்தப் பக்கம் போய் மேயும். கோழி முறைத்தால் ஓடிவந்துவிடும். முறைப்பு குறைந்தபிறகு தட்டியை எடுத்துவிட்டு, தீனியையும் தண்ணீரையும் பல இடத்தில் வைத்தார்.

இளவரசி வந்தாள். பல்லக்கிலிருந்து இறங்கியதும் நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். ஒரு கிழட்டுக் கோழி ஒரு குஞ்சை லேசாகக் கொத்தியது. குஞ்சு நகர்ந்து அடுத்த சட்டியில் மேய்ந்தது. அவ்வளவுதான்.

"இந்த அளவு சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு" என்று சிரித்தாள் இளவரசி. ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா முத்துமாலையைக் கழற்றி மாறவேள் கழுத்தில் போட்டார். "விசயராயரே, கல்யாணம் முடிகிறவரை கோழிகளுக்குத் தண்ணீர் வைப்பது உம் வேலை" என்றார். பிறகு மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! இப்போதுதான் பசியே எடுக்கிறது. சோறு போடச் சொல்லுங்கள். கோழிக் குழம்பு மட்டும் வேண்டாம்!"