மீன்கொத்தி நிறம் வாங்கிய காலை

பறவையும் மனிதரும் பேசிப் பழகிய அந்தக் காலத்தில் மீன்கொத்திக்கு நிறமே கிடையாது. அலகு முதல் வால் வரை குளத்துச் சேற்றின் நிறம்தான். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கரையில் உட்கார்ந்தால் மண்கட்டி என்று நினைத்து மீன்கள் பக்கத்திலேயே மேயும். சாவகாசமாகக் குனிந்து எடுத்துத் தின்பாள்.

குளத்தருகே, கடலைப் பார்த்தபடி ஒரு மாதா கோயில் இருந்தது. கிழக்குச் சுவரில் மாதா, தச்சரான சூசையப்பர், வேதசாட்சிகள் உருவங்கள் தீட்டிய பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல். அதன் பின்னால் எரியும் விளக்கைப் பார்த்துத்தான் வள்ளங்கள் மூட்டத்திலும் கரை சேரும். விளக்கைக் காத்தவள் கத்தரீனம்மாள். அவள் கணவன் வஸ்தியான் கடலுக்குப் போகிறவன்.

ஒரு பிற்பகலில் வானம் கறுத்துப் புயல் இறங்கியது. வள்ளங்கள் திரும்பவில்லை. மீன்கொத்தி கோயிலுக்குள் ஒதுங்கினாள். அப்போது காற்றில் பறந்து வந்த ஓட்டுத்துண்டு சன்னலின் சின்னக் கண்ணாடி ஒன்றை உடைத்தது. விளக்கு அணைந்தது. கத்தரீனம்மாள் மறுபடி ஏற்றினாள்; அதுவும் அணைந்தது. ஓட்டையில் துணியைத் திணித்தாள்; காற்று பிடுங்கி எறிந்தது.

"மாதாவே, அவரு கடல்ல கிடக்காரே!" என்று அழுதாள்.

"அக்கா, நான் பொந்துல குடியிருக்கிறவ. ஓட்டையில உட்கார எனக்குச் சொல்லியா தரணும்?" என்றாள் மீன்கொத்தி.

"ஏட்டி, கண்ணாடி கிழிச்சிரும்!"

"நீ விளக்கை ஏத்து."

கண்ணாடித் துண்டுகளை இணைத்திருந்த ஈயப் பட்டையைக் கால்களால் இறுகப் பற்றி, சிறகை விரித்து ஓட்டையை அடைத்தாள். மழை முதுகில் அறைந்தது. மார்பில் கண்ணாடி குத்தியது. அவள் அசையவில்லை. சுடர் நின்று எரிந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின.

கடைசியாக வந்த வஸ்தியான், "நடுவுல வெளிச்சத்தைக் காணோமே, தூங்கிட்டியா?" என்றான். கத்தரீனம்மாள் சன்னலைக் காட்டினாள். அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான்.

காற்று ஓய்ந்ததும் மீன்கொத்தி பீடத்தின் முன் விழுந்து தூங்கிப்போனாள். விடிந்தது. சன்னல் வழியே வெயில் அவள் மேல் விழுந்தது. ஈர இறகுகள் புதுத்துணி சாயம் குடிப்பதுபோல் அந்த ஒளியைக் குடித்தன.

"ஐயோ, எனக்கு என்ன ஆச்சு?" என்று அலறி எழுந்தாள்.

கத்தரீனம்மாள் கைகொட்டிச் சிரித்தாள். "முதுகுல நீலம், அது மாதாவோட முக்காடு, பிள்ளைகளைப் போர்த்திக் காக்கிற நிறம். தலையிலயும் வயித்துலயும் சூசையப்பரோட காவி அங்கி, உழைப்போட நிறம். தொண்டையில வெள்ளை, அவரு கையில இருக்க லீலிப்பூ, கள்ளமில்லாத மனசு. அலகும் காலும் சிவப்பு, உயிரைக் குடுத்த வேதசாட்சிகளோட ரத்தம். எல்லாம் உனக்குப் பொருத்தம்தான்!"

"அழகு சரி. இனி மீனெல்லாம் தூரத்துலயே பார்த்து ஓடிருமே. நான் எதைத் தின்ன?"

"அது பார்த்து முடிக்கிறதுக்குள்ள பாய்ஞ்சிரு," என்றான் வஸ்தியான்.

குளத்துக்குப் போய்ப் பாய்ந்தாள். முதலில் வாய் நிறையச் சேறுதான் வந்தது. மதியத்துக்குள் மீன் வந்தது.

அன்று முதல்தான் மீன்கொத்திகள் அத்தனை நிறத்தோடும் ஒளியாமல் கிளையில் உட்காருகின்றன. மீன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்பாய்ப் பாய்ந்து அதைத் தூக்கிப் போகின்றன.