காக்கைத் தட்டுக்கு எத்தனை உயரம்

முதலில் பண்ணையார் சிவக்கொழுந்து எங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கினார். அடுத்து சுடுகாட்டுப் பாதையை அடைத்தார். மூன்றாவதாக, எதிர்த்துப் பேசிய மாடசாமி காணாமல் போனான். "ஊரைவிட்டு ஓடிட்டான்" என்றார்.

அன்றிலிருந்து, அவர் செத்துப்போன தன் அப்பாவுக்கென்று கொல்லையில் தட்டில் வைத்த சோற்றைக் காக்கைகள் தொடவில்லை. சுற்றி உட்கார்ந்து அவரையே பார்த்தன.

வேலைக்காரி பேச்சி மாடசாமியின் மனைவி. "எந்த உயரத்துல தட்டைக் கட்டினா தின்னும்? இன்னைக்குத் தின்னலேன்னா குடிசையைக் காலி பண்ணு" என்றார் அவளிடம்.

"என் கை எட்டுற உயரம் போதுங்க. செத்தவங்கள்ல யாரு பசியா இருக்காங்களோ, அவங்க பேரை எழுதித் தட்டுக்கடியில வைங்க."

ஒரு சீட்டில் எழுதித் தட்டுக்கடியில் வைத்தார். காக்கைகள் சத்தமின்றி இறங்கித் தின்றன.

பேச்சி எட்டிச் சீட்டை எடுத்தாள். வேலிக்கு வெளியே ஊராரோடு நின்ற என்னிடம் நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. சத்தமா வாசிங்கண்ணே."

வாசித்தேன்: "மாடசாமி."