டிராகன் தலைக்கு அடித்த ஆணி

“என் பேரும் நிலைக்க வேண்டும், என் ஆட்களும் பிழைக்க வேண்டும். வழி உண்டா?” என்று யோருனிடம் கேட்டான் ஹால்வர்.

ஹால்வர் வைக்கிங்குகளின் அரசன். அவன் தும்மினால் மூன்று தீவுகளில் கதவைச் சாத்துவார்களாம். பாடகர்கள் அப்படித்தான் பாடினார்கள். அவனும் மறுத்ததில்லை.

யோருன் அவனைவிட வயதில் இளையவள். வடகடலின் கடைசித் தீவில் வாத்து வளர்த்துக்கொண்டு தனியாக இருந்த ஞானி. மடியில் கிடந்த வாத்தின் காலில் முள் எடுத்தபடியே, “ரெண்டுக்கும் நடுவில் என்ன தகராறு?” என்றாள்.

“சபதம்.”

“குடித்துவிட்டா?”

“விருந்தில், கொம்புக் கோப்பையைத் தூக்கி, ஊரறியச் செய்தது. உலகத்தின் வடக்கு விளிம்பைப் பார்க்கும்வரை, என் கப்பலின் டிராகன் தலை ஊர்ப்பக்கம் முகம் திருப்பாது என்று.”

“ஆக, குடித்துவிட்டுத்தான்.”

மாலுமி எய்விந்த் குறுக்கே வந்தான். “கடல் கஞ்சி மாதிரி கெட்டியாகிறது, அம்மா. இன்னும் வடக்கே போனால் கப்பல் உறைந்துவிடும். நாங்களும்தான்.”

“தலையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்புங்களேன்.”

அது அவர்கள் வழக்கம்தான். கப்பல் முகப்பில் மரத்தில் செதுக்கி மாட்டிய டிராகன் பல்லைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தால், மண்ணைக் காக்கிற தெய்வங்கள் மிரண்டு ஓடிவிடும். கரையை நெருங்கும்போதே கழற்றிவிடுவார்கள்.

எய்விந்த் அரசனைப் பார்த்தான். அரசன் வாத்தைப் பார்த்தான்.

“ஆணி அடித்துவிட்டேன்,” என்றான் ஹால்வர். “யாரும் கழற்றச் சொல்லக் கூடாதென்று. முழ நீள ஆணி.”

யோருன் பெருமூச்சு விட்டாள். “வீட்டுக்குள் போ. சொல்கிறேன்.”

வீடு என்றால் கல்லும் புல்மண்ணும் போர்த்திய மேடு. குளிர் நுழையக் கூடாதென்று வாசலைக் குழாய் மாதிரி கட்டியிருந்தாள். ஹால்வர் வயிற்றால் ஊர்ந்தான். பாதி வழியில் தோள் இரண்டும் சிக்கிக்கொண்டன.

“அடுப்பு தெரிகிறதா?” என்றாள் யோருன், வெளியிலிருந்து.

“தெரிகிறது.”

“போதும். வெளியே வா.”

“திரும்ப இடமில்லை.”

“திரும்பச் சொன்னேனா? வெளியே வா என்றேன்.”

முதலில் இரண்டு பாதங்கள் வந்தன. அப்புறம், சிம்மாசனத்தில் உட்காரும் பகுதி. கடைசியாகத் தாடி, கரியோடு.

ஆட்கள் அத்தனை பேரும் வானத்தில் எதையோ அக்கறையாகத் தேடினார்கள். எய்விந்த் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“வழி கேட்டு வந்தவனைப் புழு மாதிரி ஊர வைத்துவிட்டாய்,” என்றான் ஹால்வர்.

“வெளியே வரும்போது முகம் எந்தப் பக்கம் இருந்தது?”

“அடுப்புப் பக்கம்.”

“கடைசிவரைக்கும்?”

“கடைசிவரைக்கும்.”

யோருன் அடுத்த வாத்தைப் பிடித்தாள்.

ஹால்வர் கரையில் நின்ற கப்பலைப் பார்த்தான். அவர்கள் கப்பல்கள் எல்லாமே அப்படித்தான். இரண்டு முனையும் ஒரே மாதிரி கூர்மை, எந்த முனையும் தண்ணீரைக் கிழிக்கும். ஒரு முனையில் டிராகன் வடக்கை முறைத்துக்கொண்டிருந்தது.

அவன் சிரித்த சிரிப்பில் தீவிலிருந்த வாத்து அத்தனையும் பறந்தது. காலில் முள் இருந்ததும்கூட.

“சுக்கானைக் கழற்று, எய்விந்த். டிராகன் பக்கம் கட்டு. துடுப்புப் போடுகிற எல்லோரையும் மாறி உட்காரச் சொல். அது வடக்கையே பார்த்துக்கொண்டு வரட்டும், நாம் ஊருக்குப் போகலாம்.”

எய்விந்த் தயங்கினான். “அரசே, இப்படிப் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தால் கரையில் சிரிப்பார்கள்.”

“கரையில் யார் நிற்பார்கள்?”

“எங்கள் பெண்டாட்டி பிள்ளைகள்தான்.”

“அவர்கள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று?” என்றான் ஹால்வர், சுக்கானைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு.