முட்டைக்குள்ள நெளிஞ்ச புழு

ஒரு ஊர்ல ஒரு முட்டை பாக்குறவன் இருந்தானாம். சிரிக்காதே கண்ணு, அதுவும் ஒரு வேலைதான். முட்டை மண்டியில ஒரு இருட்டு ரூம்பு. அதுல ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு குண்டு பல்பு, முன்னால ஒரு ஓட்டை. ஓட்டையில முட்டைய வெச்சா உள்ளார வரைக்கும் செக்கச்செவேல்னு தெரியும். ரத்தப் பொட்டு இருக்கா, கெட்டுப் போச்சான்னு பாத்து, நல்லதை இந்தப் பக்கம், ஆகாததை அந்தப் பக்கம் வெக்கணும். அவன் பேரு செங்கோடன்.

என்னது? உன்ற அப்புச்சி எனக்கும் அதே பேருதானா? நம்ம பக்கத்துல கல்லை விட்டா ஒரு செங்கோடன் மேலதான் விழும். நீ பேசாம ம் கொட்டு.

அந்தச் செங்கோடனுக்கு என்ன பெருமைங்கறே! முப்பது வருசமா முட்டை பாக்குறானாம், ஒண்ணுகூடத் தப்பினதில்லையாம். டீக்கடையில உக்காந்து இதையே சொல்லிச் சொல்லி, டீ ஆத்துறவரு இவன் தலையக் கண்டாலே ரேடியோவச் சத்தமா வெச்சிருவாரு. மூஞ்சியில மீசைன்னு ஒண்ணு, கரப்பான் பூச்சிக்கு இருக்கறதை விடக் கொஞ்சம் கூட இருக்கும். அதை வேற முறுக்கிக்குவான்.

அப்போ ஒரு நாள் காலையில வாசல்ல நின்னு வானத்தைப் பாத்தான். கண்ணு முன்னால ஒரு கருப்புப் பூச்சி, ங்ங்ங்னு சத்தமே இல்லாம, வாலை ஆட்டிக்கிட்டு மெதுவாப் போச்சு. பட்டுன்னு அடிச்சான். பூச்சி சாகல, அவன் கன்னம் செவந்துச்சு. மறுபடி வந்துச்சு. பளார். மறுபடி வந்துச்சு. பளார். பால் ஊத்த வந்தவரு, என்ன வேண்டுதலோன்னு நினைச்சு, கன்னத்துல போட்டுக்கிட்டு ஒதுங்கிப் போயிட்டாரு.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி.

அப்புறம் மண்டிக்குப் போனான். இருட்டு ரூம்புல பல்பைப் போட்டு முதல் முட்டைய வெச்சான். உள்ளார ஒரு புழு நெளியுது. அடுத்ததுலயும் நெளியுது. அதுக்கடுத்ததுலயும். அறிவுள்ளவன் என்ன பண்ணியிருப்பான்? எல்லா முட்டையிலயும் எப்படி ஒரே மாதிரி புழு இருக்கும்னு யோசிச்சிருப்பான். நம்ம ஆளுக்கு அந்தச் சாமான் குறைச்சல். ஊரு முழுக்கக் கோழிக்குச் சீக்கு வந்துருச்சுன்னு முடிவே பண்ணிட்டான்.

முதல்ல ராக்கியண்ணன்னு ஒரு பண்ணைக்காரரு முட்டை கொண்டாந்தாரு. எல்லாத்துலயும் புழுன்னு நான்... செங்கோடன் சொன்னான். அவரு காச்மூச்னு கத்திட்டு வேற மண்டிக்குக் கொண்டுபோயிட்டாரு. அப்புறம் வையாபுரின்னு ஒருத்தரு வந்தாரு. ஒரு தட்டத்தை எடுத்து, டொக்குன்னு ஒரு முட்டைய உடைச்சு ஊத்தி, புழு எங்கேன்னாரு. செங்கோடன் குனிஞ்சு பாத்தா தட்டத்துலயும் புழு நெளியுது. அப்பவாவது தெரிய வேண்டாமா? தட்டம் கழுவலைன்னுட்டான்.

மூணாவதா மாராயி வந்துச்சு. அது ஒத்தைப் பொம்பளை, புருசன் இல்ல. முப்பது நாட்டுக்கோழி வெச்சுக்கிட்டு, முட்டைய அட்டையில அடுக்கித் தலையில வெச்சு நடந்தே வரும். கோழி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சுக் கூப்பிடும். அதுகிட்டயும் இந்தப் புத்திசாலி, உன்ற கோழிக்கு உள்ளுக்குள்ள சீக்கு, இந்த முட்டைய யாருக்கும் குடுத்துராதேன்னான். அது கத்தல. உடைச்சுக் காட்டல. நல்லாப் பாத்தீங்களாண்ணான்னு ஒரு தரம் கேட்டுச்சு. நான் பாத்தா ரெண்டாந்தரம் பாக்க வேண்டியதில்லைன்னு மீசைய முறுக்குனான். அது அட்டையத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் மத்தியானம் சோத்துக்கு வந்தான். ரசத்துல முடி கிடக்குதுன்னு பொண்டாட்டி பாவாயிகிட்டச் சத்தம் போட்டான். அவ கிண்ணத்தை வாங்கிப் பாத்துட்டு, இவனைப் பாத்தா.

"ஏனுங்க, எனக்குத் தலை நரைச்சு ஆறு வருசம் ஆச்சு. கருப்பு முடிக்கு நான் எங்க போவேன்?"

அப்பத்தான் அவனுக்கு உறைச்சுச்சு. பூச்சி ரசத்துல இல்ல, முட்டையில இல்ல, கண்ணுலதான்னு தெரிஞ்சுபோச்சு. கண்ணு போயிருமோன்னு பயம். மறுநாள் காலம்பற பாவாயி அவனை பஸ்ஸுல ஏத்தி, கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனா.

அங்க சொட்டுச் சொட்டா மருந்து விட்டு உக்கார வெச்சாங்க. அப்புறம் ஒரு இருட்டு ரூம்பு. ஒரு பெட்டி மேல தாடைய வெக்கச் சொல்லி, கண்ணுக்குள்ள சுளீர்னு வெளிச்சம் அடிச்சாங்க. இப்ப யாரு முட்டை, யாரு பாக்குறவங்கன்னு தெரியுதா? எந்தப் பக்கம் வெக்கப் போறாங்களோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான்.

டாக்டரு சின்னப் பொண்ணுதான். சிரிச்சுக்கிட்டே, கண்ணு நல்லா இருக்குதுங்கய்யான்னுச்சு. கண்ணுக்குள்ளயும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒண்ணு இருக்குதாம். வயசானா அது நீர்த்துப்போயி, அதுல நூலு நூலா மிதக்குமாம். அதோட நிழலுதான் பூச்சி. பாடாப் படுத்துச்சுன்னா கண்ணை மேல கீழ ஓட்டுனா ஓரமாப் போயிரும், நாளாக நாளாகப் பழகிரும்னுச்சு. ஆனா திடீர்னு நிறையப் பூச்சி வந்தாலோ, மின்னல் அடிச்சாலோ, திரை இழுத்தாப்ல மறைச்சாலோ அன்னிக்கே ஓடி வரணும்னு கண்டிசனாச் சொல்லுச்சு.

அவனுக்கு உசுரு வந்துச்சு. பெஞ்சுல உக்காந்து பெருமூச்சு விட்டான். விட்ட மூச்சு முடியறதுக்குள்ள மாராயி ஞாபகம் வந்துருச்சு. மத்த ரெண்டு பேரும் இவனை நம்பல, பொழைச்சுக்குவாங்க. அது நம்பிருச்சே. பாவாயிகிட்டச் சொன்னான். அவ திட்டக்கூட இல்ல, வாங்க போலாம்னா.

பஸ்ஸை விட்டு இறங்குனா, மருந்து விட்ட கண்ணுக்கு ஊரே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கூசுது. பாவாயி கையப் பிடிச்சுக்கிட்டு டக்கு டக்குனு நடந்தான். மாராயி வீட்டு வேலியோரம் பச்சைச் சேலை தெரிஞ்சுச்சு. கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாராயி, உன்ற முட்டையில ஒரு குத்தமும் இல்ல. என்ற கண்ணுலதான் குத்தம். என்னை மன்னிச்சிரு சாமி."

சேலை பதில் பேசல. காத்துல படபடன்னு ஆடுச்சு. அது வேலியில காயப்போட்ட சேலை.

"நான் இங்க இருக்கறேண்ணா"ன்னு முதுகுக்குப் பின்னால சத்தம் கேட்டுச்சு. சிரி, சிரி. அவனும் சிரிச்சிருக்கணும். ஆனா திரும்பிப் பாத்தா, மாராயி அழுது ஓய்ஞ்ச குரல்ல பேசுது. சீக்குக் கோழி முட்டைன்னு, ஒரு கோழிக்கு அடியில அடைக்கு வெச்சிருந்த பதினொண்ணையும் நேத்தே எடுத்துக் குழி வெட்டிப் புதைச்சிருச்சாம். இன்னும் நாலு நாள்ல குஞ்சு பொரிக்க வேண்டியது. கூடையில அந்தக் கோழி, அடியில ஒண்ணுமே இல்லாம, றெக்கைய விரிச்சு உக்காந்துக்கிட்டே இருந்துச்சு.

செங்கோடன் மண்ணுல உக்காந்துட்டான். "ஏம்மா, புதைக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணை உடைச்சுப் பாக்கக் கூடாதா?"

"நீங்க பாத்தீங்கல்லண்ணா. அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

ம் கூட வரல உனக்கு. எனக்கும் வரல. சாயங்காலமே வையாபுரி கால்ல விழாத குறையாக் கெஞ்சி, அடைக்கு ஆகற நாட்டுமுட்டை பதினொண்ணு வாங்கிட்டு வந்து கோழிக்கு அடியில வெச்சான். இருபத்தோரு நாளு தினமும் போயிப் போயிப் பாத்தான். கீச்சுக் கீச்சுனு ஒம்பது குஞ்சு வந்துச்சு. அந்தப் பதினொண்ணு வந்துருமா? வராது.

இப்பவும் அவன் முட்டைதான் பாக்குறான். புழு தெரிஞ்சா முட்டையத் திருப்புவான். முட்டையோட திரும்புனா அது முட்டையோடது. கண்ணோட ஓடுனா அவனோடது. அப்புறமும், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட நீட்டி, நீயும் ஒரு தரம் பாருன்னு குடுப்பான்.

அவ்வளவுதான் சாமி. கதை படுத்துக்கிச்சு, நீயும் படு.