பொதுப்பானையில பங்கு வச்ச ராசா

கூவனூர் ராசா இடும்பராயருக்குச் சூதாட்டம்னாலே ஆகாது. ஆடுறவன் சிக்கினா மொட்டையடிச்சுக் கழுதை மேல ஏத்திருவாரு. அப்பேர்ப்பட்ட ஆளையே ஒருத்தன் கவுத்துட்டான். பேரு வச்சிரநாதன். தோள்ல ஒரு புறா, வாயில வெல்லப்பாகு.

"மகாராஜா, கடலுக்கு அப்பால தீவுல எங்க சூதுமனை இருக்கு. யாரும் நேர்ல வரவேண்டாம். அம்பத்தாறு தேசத்துக்காரனும் புறாவுலயே பந்தயம் கட்டுவான். நீங்க ஆடவே வேண்டாம். ஜெயிச்சவனுக்குக் குடுக்க ஒரு பொதுப்பானை வச்சிருக்கோம், அதுல பங்கு போடுங்க. தோத்தவன் காசெல்லாம் அதுக்குள்ளதான் விழும். ஆடுறவன் தோப்பான், பானை தோக்காது."

ராசா நூறு பொன் போட்டாரு. திங்கக்கிழமை தவறாம வச்சிரநாதன் புறாவோட வருவான். கடல் தாண்டி வந்த புறாவாம், ஒரு மூச்சு வாங்காது. அது கால்ல ஒரு ஓலை. முதல் வாரம், 'உங்க பங்கு நூத்தியிருபது.' நாலாவது வாரம், 'முந்நூறு.'

"எடுத்துக்கலாமா?"ம்பாரு ராசா.

"அடைகாக்குற கோழியை எழுப்பலாமா மகாராஜா?"

ராசாவும் ஓலையைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு மீசையை முறுக்குவாரு.

ஆசை முத்திப்போச்சு. பெரிய ஏரி மதகு உடைஞ்சு கிடக்கு. மழைக்கு ஒரு மாசம்தான். வச்சிரநாதனைச் சபைக்குக் கூப்பிட்டு, மதகு கட்ட வச்சிருந்த பத்தாயிரம் பொன்னையும் பானையில போடப் போறேன்னுட்டாரு. மந்திரி கெஞ்சினாரு, "ஊரே முழுகிரும் மகாராஜா."

"நான் என்ன சூதா ஆடுறேன்? பங்குதானய்யா வச்சிருக்கேன்."

அப்ப எழுந்தான் அரண்மனை விகடகவி மிளகன்.

"மந்திரிக்கு என்ன தெரியும், போடுங்க மகாராஜா. என் கையாலயே குடுக்குறேன்."

சொல்லிட்டு ஒரு ஓலையில 'இடும்பராயர் பங்கு பத்தாயிரம் பொன்'னு எழுதினான். ராசா முன்னாடி இருந்த ராஜமுத்திரையை எடுத்துக் குத்தி வச்சிரநாதன் கையில திணிச்சான்.

"சரிங்க, பொன் எங்க?"

"அதான் எழுதியிருக்கே."

"இது ஓலைங்க."

"ஆமா. போன வாரம் முந்நூறுன்னு ஓலை குடுத்தீரே, மகாராஜா பொன் எங்கன்னு கேட்டாரா? பூட்டித்தான வச்சாரு. நீரும் பானையில போட்டு மூடி வையும்."

"விளையாடாதீங்க. பொன்னாத்தான் வேணும்."

"முத்திரை தெளிவா விழலையா? இன்னொண்ணு குத்தவா?"

வச்சிரநாதனுக்கு முகம் சிவந்துபோச்சு. பத்தாயிரம் கண்ணு முன்னாடி நழுவுதுல்ல. ஓலையை வீசி எறிஞ்சான்.

"இந்த ஓலையை வச்சுகிட்டு நான் என்னய்யா பண்ண? சந்தையில இதுக்கு ஒரு கத்திரிக்கா குடுப்பானா?"



ராசா மெதுவாப் பெட்டியைத் திறந்தாரு. "வச்சிரநாதா, என்கிட்ட நாலு ஓலை இருக்கு. மொத்தமா எத்தனை கத்திரிக்கா தேறும்?"

பதிலுக்குப் புறாதான் குர்குர்னு குரல் குடுத்துச்சு. நூறு பொன்னும் எங்கன்னு பாத்தா, அவன் இடுப்புப் பட்டுலயும் காதுக் கடுக்கன்லயும் மின்னுது.

ராசா வயித்தைப் பிடிச்சுகிட்டுச் சிரிச்சாரு. தன் கழுத்து முத்துமாலையைக் கழட்டி மிளகன் கழுத்துல போட்டாரு. மதகு வேலை மறுநாளே ஆரம்பம். மண்ணு சுமக்க முதல் ஆள் வச்சிரநாதன்.

கூடையைத் தலையில ஏத்தும்போது அவன் ஈனக் குரல்ல கேட்டான், "மகாராஜா, கூலி ஏதாச்சும்…"

"இல்லாமலா? தினம் ஆயிரம் பொன்,"ன்னாரு ராசா. "திங்கக்கிழமை தவறாம ஓலை வந்துரும்."