மாற்றத்துக்கு ஒரு பொன்னாடை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் இடது கை ஒடிந்து விழட்டும். வலது கை ஏற்கெனவே ஒடிந்ததுதான். ஆனால் அது பொய் சொன்னதால் அல்ல, ஒரு பருத்த ஆடிட்டர் சாய்ந்ததால். நீங்கள் உட்கார வேண்டாம். நின்றபடியே கேளுங்கள்.

ஒரு காலத்தில் ஒரு குடைக் கம்பெனி இருந்தது. அதன் குடைகள் வெயிலில் நன்றாக உழைத்தன, மழையில் ஒழுகின. மெல்லிய புதுத் துணியைப் பழைய தடித்த ஊசியால் தைத்தார்கள். ஊசி போன வழியிலெல்லாம் தண்ணீரும் போனது.

முதலாளி ஆவுடையப்பன் தையல் கூடத்துக்குச் சொல்லியனுப்பினார். "இந்த மழைக்கும் ஒழுகினா கூடத்தைப் பூட்டிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது." அதன் பிறகு, பெரிய கம்பெனிகளெல்லாம் செய்வதுபோல, மாற்றத்துக்கு அழைப்பு அனுப்பினார்.

மாற்றம் ஒரு நண்பகலில் வந்தாள். ஒல்லியான பெண். தோளில் துணிப்பை, அதற்குள் மெல்லிய ஊசிகள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "தையல் கூடம் எங்கே?" என்றாள்.

"அதுக்கென்னம்மா அவசரம்," என்றார் ஆவுடையப்பன். "வந்தவங்களை நிக்க வெச்சே அனுப்பினா எங்களுக்குத்தான் கெட்ட பேரு. உட்காருங்க."

அந்த வரவேற்பறையில் சாமான்கள் அதிகம். பீரோ, பெஞ்சு, கடிகாரம், கை ஒடிந்த ஒரு நாற்காலி, இன்னும் என்னென்னவோ. அவ்வளவு சாமான்களை அந்தக் கம்பெனி வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. மாற்றம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் பொன்னாடை. வரவேற்புக் குழு ஒன்று போர்த்தியது. திட்டக் குழு ஒன்று போர்த்தியது. திட்டத்தை மேற்பார்வையிடும் குழு, தன்னுடையது சற்றுப் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டது. "மாற்றமே வருக" என்று ஒருவர் பேசத் தொடங்கினார். முடிக்கிற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பின்கதவு லேசாகத் திறந்தது. தையல்காரி மரகதவல்லி தலையை நீட்டினாள். "அம்மா, எல்லாரும் மிஷினை நிறுத்திட்டுக் காத்திருக்கோம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"மரகதவல்லி, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் ஆவுடையப்பன். "திட்டம் தயாரானதும் நாங்களே கூட்டிட்டு வருவோம்."

"ஊசியை மாத்த எதுக்குங்கய்யா குழு?"

"குழு இல்லாம மாத்தினா, யார் மாத்தினாங்கன்னு நாளைக்கு எப்படித் தெரியும்?"

மரகதவல்லி கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடவில்லை.

போட்டோகிராபரைக் காணோம் என்று முதலாளியும் குழுக்களும் வெளியே போனார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. அப்போது மாற்றத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எழுந்திரு பெண்ணே."

"யார் அது?"

"நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலி. நானும் உன்னை மாதிரி பையோடு வந்தவன்தான்."

"கிழவனுக்கு வேற வேலையில்லை," என்றது பீரோ. அதன் கதவு தானாகத் திறந்தது. உள்ளே காய்ந்த மாலைகள் அடைந்து கிடந்தன. "மரியாதையாத்தானே நடத்துறாங்க. நான் கணக்குப் பிரிவைத் திருத்த வந்தவள். எனக்கு என்ன குறை?"

"நான் வேலை நேரத்தைத் திருத்த வந்தேன்," என்றது சுவரில் இருந்த கடிகாரம்.

"இப்போது?" என்று கேட்டாள் மாற்றம்.

"நின்னு ரொம்ப நாளாச்சு."

மாற்றம் பதறி எழப் பார்த்தாள். முழங்கால் மடங்கவுமில்லை, நிமிரவுமில்லை. கிறீச் என்றது. புடவையைத் தூக்கிப் பார்த்தாள். பாதம் இருந்த இடத்தில் வார்னிஷ் மினுமினுத்தது.

"பொன்னாடையைத் தூக்கிப் போடு. பின்கதவுக்குப் போ," என்றது நாற்காலி. "கூடத்துக்குள் கால் வைத்துவிட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது."

அவள் ஒன்றை உருவி எறிந்தாள். இரண்டாவதையும் எறிந்தாள். மூன்றாவதில் கை வைத்தபோது வாசல் கதவு திறந்தது.

"போட்டோகிராபர் வந்தாச்சு," என்றார் ஆவுடையப்பன். "ஒரே ஒரு நிமிஷம். அப்படியே அசையாம இருங்கம்மா."

பாவம், மரியாதை தெரிந்த பெண். அசையாமல் இருந்தாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

வெளிச்சம் அடங்கியபோது நாற்காலியில் ஆள் இல்லை. பொன்னாடை போர்த்திய ஒரு முக்காலி இருந்தது.

"யாருப்பா முக்காலியை நாற்காலி மேல வெச்சது?" என்றார் ஆவுடையப்பன். அதை இறக்கி மூலையில் போட்டு, மேலே ஒரு பூச்சாடியும் வைக்கச் சொன்னார். வந்த விருந்தாளி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. விழா நன்றாக நடந்ததாகவே எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மரகதவல்லி வந்து பார்த்தாள். பூச்சாடியை எடுத்துவிட்டு முக்காலியைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. காலடியில் துணிப்பை கிடந்தது. ஆசையோடு பிரித்தாள். உள்ளே மரத்தூள்.

மழை வந்தது. குடைகள் ஒழுகின. கூடத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு அடுத்த மழைவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். "போன தடவை வந்தது சரியா அமையலை," என்று ஆவுடையப்பன் இன்னொரு அழைப்பு அனுப்பினார்.

அந்த அழைப்புக்கு வந்தவர்தான் நீங்கள்.

உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதைத் தோளிலிருந்து இறக்காதீர்கள், அவ்வளவுதான். வெளியே சரசரவென்று சத்தம் கேட்கிறதா? பொன்னாடையின் காகிதத்தைப் பிரிக்கிறார்கள். பின்கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் மரகதவல்லி நிற்கிறாள். போய்விடுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்துக்கொள்வார்களே என்று மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

பிறகு ஒன்று. இதை நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். கை ஒடிந்த நாற்காலி பேசுகிறது என்று தெரிந்தால் அதை விசாரிக்க ஒரு குழு போடுவார்கள். அந்தக் குழு உட்கார என்னைத்தான் இழுப்பார்கள்.