தட்டிக்கொண்டே இருந்த பூதம்

முன்னொரு காலத்திலே, காக்கைகூடப் பறக்க யோசிக்கும் பாலைவனத்திலே, செம்பாறை என்று ஒரு சிற்றூர் இருந்தது. முப்பது வீடு, ஒரு செம்புச் சுரங்கம், ஒரே ஒரு கிணறு.

ஒருநாள் காலையில் கிணறு வற்றிப்போனது. மூடிக்கிடந்த பழைய சுரங்கத்துக்குள் ஒரு பூதம் ஊற்றுக்கண்ணை அடைத்து உட்கார்ந்திருந்தது. பானைகளில் மூன்று நாளைக்குத்தான் தண்ணீர்.

யார் போய்ப் பேசுவது? எல்லாரும் காத்தாயியைப் பார்த்தார்கள். ஒட்டக வியாபாரிகளிடம் செம்பைக் கொடுத்துக் கம்பு வாங்குகிறவள் அவள்தான். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் பேரத்தில் அவளை ஒருவரும் அசைக்க முடியாது.

வாசல் கற்களை விலக்கிப் போனாள். சம்மட்டிகளை எல்லாம் கொடுத்தால் எழுந்திருப்பதாகச் சொன்னது பூதம். சொல்லிவிட்டு விரலால் பாறையைத் தட்டியது, டொக், டொக், டொக்.

"கட்டுப்படியாகாது, பூதத்தாரே" என்று திரும்பிவிட்டாள்.

இரண்டாம் நாள், ஊராருடைய தூக்கத்தை எல்லாம் கேட்டது. டொக், டொக், டொக்.

"கட்டுப்படியாகாது, பூதத்தாரே."

மூன்றாம் நாள், ஊரையே காலி பண்ணச் சொன்னது. டொக், டொக், டொக்.

காத்தாயிக்குச் சுர்ரென்று ஏறியது. "நானும் மூணு நாளா பார்க்கிறேன், பேசும்போதெல்லாம் அதென்ன டொக்கு டொக்கு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

செம்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்துக்குள்ளே மாட்டிக்கொண்டவர் மூன்று முறை தட்டுவார். கேட்டவர் மூன்று முறை திருப்பித் தட்ட வேண்டும். 'கேட்டுவிட்டது, வருகிறோம்' என்று அர்த்தம். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த தட்டு அது. விலையையே கேட்டுக்கொண்டிருந்தவள் அதைக் கேட்காமல் விட்டாள்.

ஒரு கல்லை எடுத்தாள். டொக், டொக், டொக்.

பூதம் பாறையில் காதை வைத்துக் கேட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் பாறை சரிந்து மாட்டிக்கொண்ட கல்வெட்டி அது. எத்தனையோ நாள் தட்டியது. இத்தனை நாள் கழித்து உயிருள்ளவன் தட்டுவானா, இது பேய்தான் என்று மேலே இருந்தவர்கள் பயந்து வாசலையே கல் வைத்து மூடிவிட்டு ஓடிப்போனார்கள்.

"தட்டித் தட்டியே பூதமாகிப் போனேன், தாயி."

"தப்பு எங்க ஊர் மேலதான், அண்ணே. நேரமாயிருச்சு, ஆனா வந்துட்டோம்" என்று கையை நீட்டினாள் காத்தாயி.

பிடித்த கை சுருங்கிச் சுருங்கி, காய்ப்புக் காய்த்த மனிதக் கையானது. அவன் எழுந்தான். அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது.

முதல் குடம் அவனுக்குத்தான். அதற்கு என்ன தர வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பிறந்ததிலிருந்து விலை சொல்லியே பழகிய காத்தாயிக்கு அன்றைக்கு ஒரு விலையும் வாயில் வரவில்லை.

"குடி அண்ணே, முதல்ல" என்றாள்.

கிணறும் நிறைந்தது, கதையும் நிறைந்தது. அந்தப் பக்கம் போனால் பாறையில் மூன்று முறை தட்டிப் பாருங்கள். செம்பாறையில் இப்போது யாரும் ஓடுவதில்லை.